தினமும் ஸ்பிரே அடித்தும் கரப்பான் பூச்சி குறையவில்லையே?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தினமும் இரவில் சமையலறையில் ஸ்பிரே அடிக்கிறோம். காலையில் பத்துப் பதினைந்து செத்துக் கிடக்கின்றன. இருந்தும் மறுநாள் அதே கூட்டம். மருந்து சரியில்லையா?

மருந்தில் குறை இருக்காது. அது பூச்சி குடியிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் மேடையில் ஓடுபவை இரை தேடி வந்தவை மட்டுமே. பெரும்பகுதி இடுக்குகளுக்குள் இருக்கிறது.

சமையலறையில் இப்படிக் கூட்டமாகப் பெருகுவது பெரும்பாலும் சின்ன வகை. வளர்ந்த பூச்சியே ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள். பெண் பூச்சி அந்தக் கூட்டை, பொரிக்கும் தறுவாய் வரை, ஏறக்குறைய நான்கு வாரம் உடம்போடு சுமக்கிறது. அந்த நாட்களில் அதிகம் வெளியே வராது. ஸ்பிரேக்குத் தப்புவது அதுதான். கூட்டுக்குள் இருக்கும் முட்டைகளையும் ஸ்பிரே அநேகமாகத் தொடாது. அதோடு, ஸ்பிரேயில் இருக்கும் மருந்தின் எரிச்சல் தாங்காமல் பிழைத்தவை இன்னும் ஆழமான சந்துகளுக்கும் பக்கத்து அறைகளுக்கும் சிதறிப் போகின்றன.

ஸ்பிரேயை நிறுத்துங்கள். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய், அலமாரிக் கதவின் கீல், இழுப்பறையின் அடிப்பக்கம், சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, அடுப்புக்குப் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். மிளகுத்தூளைத் தூவியது போலக் கறுப்பு எச்சம் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கேதான் குடியிருப்பு. கண்ணுக்குச் சிக்காவிட்டால் பசை அட்டைகளைச் சுவரை ஒட்டி நான்கைந்து இடங்களில் வைத்து, இரண்டு நாள் கழித்து எண்ணுங்கள். அதிகம் ஒட்டிய அட்டைக்கு அருகில்தான் கூடு.

பழைய எச்சத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கரப்பான் ஜெல் வையுங்கள். ஒரு பொட்டு 3 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும். ஓரிடத்தில் கட்டியாக வைப்பதைவிட, ஒரு சாண் இடைவெளியில் நிறையப் பொட்டுகள் வைப்பதே பலன் தரும். ஜெல்லைத் தின்ற பூச்சி உடனே சாகாது. கூட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்று, வெளியே வராத குஞ்சுகளும் சாகும். அந்தத் தாமதம்தான் ஜெல்லின் பலம். பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்து, தீர்ந்த இடத்தில் மறுபடி வையுங்கள். சுமக்கப்படும் முட்டைகள் பொரித்து முடிய ஒரு மாதம் ஆகும் என்பதால், ஆறு வாரம் வரையாவது விடாமல் தொடர வேண்டும். முதல் வாரத்தில் குறைந்ததைப் பார்த்து நிறுத்தினால் மூன்றாவது மாதத்தில் பழைய நிலைதான்.

கேள்வி: ஜெல் வைத்தோம். பூச்சி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

முதலில், வைத்த இடத்திலோ அருகிலோ ஸ்பிரே அடித்தீர்களா, ஃபினாயில் போட்டுத் துடைத்தீர்களா என்று யோசியுங்கள். அந்த வாடை இருந்தால் பூச்சி நெருங்காது. அடுப்பை ஒட்டிய சூடான இடத்தில் வைத்திருந்தால் ஜெல் காய்ந்து கல்லாகிவிடும். இரவில் கழுவாத பாத்திரமும் மூடாத குப்பைக்கூடையும் இருந்தால், பிடித்த சாப்பாட்டை விட்டுவிட்டு ஜெல்லைத் தேடி ஏன் வரப்போகிறது?

இவை எதுவும் இல்லையென்றால் மாற்ற வேண்டியது ஜெல்லைத்தான். சின்ன வகைக் கரப்பானில் சில கூட்டங்களுக்கு குளுக்கோஸ் கசக்கும். குளுக்கோஸ் கலந்த இரையை அவை ஒதுக்கும். அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் போகும். மருந்துக்கே பழகிப்போன கூட்டங்களும் உண்டு. ஆகவே வேறு தயாரிப்பை, அதுவும் வேறு மருந்து உள்ளதை வாங்குங்கள். உறையில் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், இண்டாக்சாகார்ப் என்று மருந்தின் பெயர் இருக்கும். பிராண்டை மட்டும் மாற்றி அதே மருந்தை வாங்கிப் பயனில்லை.

கேள்வி: சமையலறையில் இல்லை. குளியலறையில் மட்டும் பெரிய சிவப்புக் கரப்பான்கள் வருகின்றன.

அது வேறு வகை. நான்கு சென்டிமீட்டர் வரை வளரும். சாக்கடையிலும் கழிவுநீர்க் குழாயிலும் வாழ்ந்து, அங்கிருந்து ஏறி வருகிறது. வழியை அடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தரையிலுள்ள ஃப்ளோர் ட்ராப்பில், அதாவது தண்ணீர் வெளியேறும் மூடிக்கு அடியிலுள்ள கிண்ணம் போன்ற பகுதியில், எப்போதும் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் பூச்சிக்கும் நாற்றத்துக்கும் தடை. புழங்காத குளியலறையில் அது ஆவியாகிப் பாதை திறந்துகொள்ளும். வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வெளியூர் போவதானால் அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். மூடியின் துளைகள் பெரிதாக இருந்தால் கொசுவலைத் துண்டை அடியில் வைத்துக் கட்டுங்கள். முடி அடைக்காமல் அவ்வப்போது எடுத்துக் கழுவ வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வாஷ்பேசினிலிருந்து வரும் நெளிவுக் குழாயைச் சுவர்க் குழாய்க்குள் வெறுமனே செருகி வைத்திருப்பார்கள். சுற்றியுள்ள இடைவெளி வழியாகப் பூச்சி தாராளமாக வரும். பெரிய கரப்பானே உடலைத் தட்டையாக்கி 3 மில்லிமீட்டர் இடுக்கில் நுழைந்துவிடும். அளவுக்கேற்ற ரப்பர் வளையம் மாட்டுங்கள், அல்லது சிலிக்கான் சீலன்ட்டால் அடையுங்கள். துணியைத் திணிப்பது ஈரத்தைத் தேக்கி அதற்கே வசதி செய்து கொடுக்கும்.

கொதிநீர் ஊற்றுவதைப் பரிந்துரைக்க மாட்டோம். பிவிசி குழாயின் இணைப்பு இளகும். குழாயின் மேல்பகுதியில் இருக்கும் பூச்சிமேல் படவும் படாது.

கேள்வி: போரிக் ஆசிட், பிரிஞ்சி இலை, பாச்சா உருண்டை — எது நல்லது?

போரிக் ஆசிட் வேலை செய்யும். ஆனால் பலரும் குவியலாகக் கொட்டுகிறார்கள். பூச்சி அதைச் சுற்றிப் போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மெல்லிய படலமாக, காய்ந்த மூடிய இடுக்குகளில் தூவ வேண்டும். காலில் ஒட்டியதை நக்கும்போது உள்ளே போய், சில நாட்களில் சாகும். ஈரம் பட்டால் கட்டியாகிப் பயனற்றுப் போகும். மாவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடிப்பது குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். பார்க்கத் தின்பண்டம் போலவே இருக்கும்.

பிரிஞ்சி இலையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். பாச்சா உருண்டையின் ஆவியை மூச்சில் இழுப்பதே கெடுதல், குறிப்பாகக் கைக்குழந்தைக்கு. சாப்பாடு வைக்கும் அலமாரியில் அதற்கு இடமே இல்லை.

கேள்வி: மைக்ரோவேவ் திரைக்குள் குஞ்சுகள் ஓடுகின்றன. உள்ளே ஸ்பிரே அடிக்கலாமா?

கூடாது. மின்பலகை கெடும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. கழற்றவும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அந்தக் கதகதப்புக்காகத்தான் அங்கே அண்டுகின்றன. அடிப்பக்கம், பின்புறக் காற்றுத்துளைகளுக்கு அருகே வெளியில் ஜெல் பொட்டுகள் வையுங்கள். ஃபிரிட்ஜுக்கும் இப்படியே: பின்னால் மோட்டார் சூடும் நீர்த்தட்டும் ஒரே இடத்தில் கிடைப்பதால் அதுவே பிடித்தமான இருப்பிடம். தட்டைக் கழுவி, சட்டத்தின் ஓரத்தில் ஜெல் வையுங்கள், மோட்டார்மேல் அல்ல.

கேள்வி: வெள்ளைக் கரப்பான் பார்த்தோம். புது இனமா?

இல்லை. தோலுரித்த புதிதில் எல்லாக் கரப்பானும் வெள்ளைதான். சில மணி நேரத்தில் நிறம் வந்துவிடும். குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

கேள்வி: குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கிறது. பூச்சி ஒழிந்தால் போதுமா?

போதாது. மூச்சிரைப்பைத் தூண்டுவது அதன் எச்சமும் உரித்த தோலும் உதிர்ந்த உடல் துகள்களும். பூச்சி செத்த பிறகும் அவை மாதக்கணக்கில் தூசியோடு கிடக்கும். துடைப்பத்தால் கூட்டினால் காற்றில் பறக்கும். குழந்தையை வேறு அறையில் விட்டு, முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் அலமாரியின் உள்மூலைகளைத் துடைத்து, துணியை உறையில் கட்டி எறியுங்கள். ஜெல் பொட்டுகள் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுத் துடையுங்கள். பழைய அட்டைப்பெட்டிகளையும் செய்தித்தாள் கட்டுகளையும் அன்றே வெளியேற்றுங்கள். முட்டைக்கூடுகளும் இவற்றோடுதான் வீட்டுக்கு வீடு பயணம் போகின்றன.