விருச்சிகத்தைக் கார்த்திகையில் தேடினால்?

கேள்வி: கார்த்திகைதானே விருச்சிக மாதம்? மாதம் முழுக்க மொட்டைமாடியில் நின்று தேடியும் தேளைக் காணோம். ஓரியன் என்ற வேடனைத் தேள் கொட்டியதால் இரண்டும் ஒரே நேரத்தில் வானில் இராது என்கிறார்களே, அது நிஜமா? – வாசகர், வள்ளியூர்

பதில்: விருச்சிக மாதம் என்றால் சூரியன் விருச்சிகத்தில் இருக்கும் மாதம். சூரியனோடு உதித்துச் சூரியனோடு மறைவதை இரவில் எங்கே பார்ப்பீர்கள்? கார்த்திகைப் பாதியில் தேளில் இருக்கும் கேட்டை விண்மீன் சூரியனுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

ஆடி முதல் வாரம், இரவு 9 மணிக்குத் தெற்கே பாருங்கள். நீட்டிய கையின் முஷ்டி ஒன்று சுமார் 10 பாகை (டிகிரி). அடிவானத்திலிருந்து ஐந்தரை முஷ்டி உயரத்தில் சிவப்பாக மினுங்குவது கேட்டை, தேளின் நெஞ்சு. மினுங்காமல் நின்று எரிந்தால் அது செவ்வாயாக இருக்கலாம். சில வருஷம் அதுவும் அந்தப் பக்கம் வரும். கேட்டைக்கு வலப்புறம், சற்று மேலே, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று விண்மீன்கள் அனுஷம், அது தலை. இடப்புறம் சரிந்து, நாலு முஷ்டி உயரம்வரை இறங்கி, மறுபடி மேலே சுருளும் வரிசைதான் வால். நுனியில் ஒட்டி நிற்கும் ஜோடி கொடுக்கு. அது மூலம். ஜாதகம் மூலத்தைத் தனுசில் வைத்திருக்கிறதே என்று கொடுக்கை வேறெங்கும் தேட வேண்டாம்.

இன்னும் சந்தேகமா? தினசரிக் காலண்டரில் அனுஷம் முடிந்து கேட்டை பிறக்கும் இரவில், நிலாவிலிருந்து ஒரு முஷ்டிக்குள் கேட்டை இருக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, நிலா இல்லாத இரவில் வாலைப் பாருங்கள். ஆடியில் பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் மேகம் மூடும். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போவது நல்லது. அதுவும் தவறினால் ஆவணி முதல் வாரம் ஏழேகாலுக்குப் பாருங்கள். தெற்கிலிருந்து லேசாக மேற்கே சாய்ந்திருக்கும்.

கதைக்கு வருவோம். எல்லா விலங்கையும் கொல்வேன் என்று ஓரியன் வீம்பு பேச, பூமித்தாய் தேளை ஏவினாள் என்பது கிரேக்கர் சொல்லும் வடிவங்களில் ஒன்று. நம் மிருகசீரிடமும் திருவாதிரையும் அந்த ஓரியனின் உடலில்தான் இருக்கின்றன. ஏதென்சில் திருவாதிரை மறையும் வேளையில்தான் கேட்டை எழும். கதை அங்கே ஏறக்குறையப் பொருந்தும். நெல்லைச் சீமை நிலநடுக்கோட்டை ஒட்டி, சுமார் 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே தென்வான விண்மீன்கள் முந்தி உதிக்கும். அதனால் ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாக இரண்டும் சேர்ந்தே தெரியும்.

சித்திரை முதல் வாரம் இரவு 10 மணிக்கு மேற்கே திருவாதிரையும் தென்கிழக்கே கேட்டையும் ஆளுக்கு ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும். வள்ளியூரில் மேற்கு மலை மறைக்கும். உவரிக் கடற்கரைக்குப் போங்கள்.