தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுபவர் எந்த டைலிங் சாளர மேலாளரில் தொடங்கலாம்?

கேள்வி: சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன் நான். 14 அங்குல மடிக்கணினியில் ஃபெடோரா லினக்ஸ் வைத்திருக்கிறேன். படிப்பது ஆங்கிலத்தில், தமிழிலும் நிறைய எழுதுகிறேன். சாளரங்களை ஒன்றையொன்று மறைக்காமல் தானே அடுக்கிவைக்கும் டைலிங் சாளர மேலாளருக்கு மாற ஆசை. ஐ3, ஸ்வே, ஹைப்பர்லேண்ட், டிடபிள்யூஎம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்:

ஸ்வேயில் தொடங்குங்கள். ஃபெடோராவின் வழக்கமான மேசைச்சூழலான க்னோம், திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலண்டில்தான் ஏற்கெனவே ஓடுகிறது. ஸ்வே வேலண்டுக்கென்றே எழுதப்பட்டது. மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009இல் வெளியிட்ட ஐ3-இன் அமைப்புக் கோப்பை அது ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஐ3-க்காக இத்தனை ஆண்டுகளாக எழுதப்பட்ட விளக்கங்கள் உங்களுக்கும் பயன்படும். என்விடியாவின் மூடிய டிரைவரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் ஐ3 போடுங்கள். அந்த டிரைவரை ஸ்வே குழு ஆதரிப்பதில்லை.

டிடபிள்யூஎம்மில் ஒரு குறுக்குவிசையை மாற்றவும் சி மொழிக் கோப்பைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். சி மொழியில் ஊறியவர்களுக்கு அது சுகம். ஹைப்பர்லேண்ட் கண்ணுக்கு அழகு, ஆனால் பதிப்புக்குப் பதிப்பு அமைப்புக் கோப்பின் இலக்கணம் மாறுவதுண்டு. தேர்வு நேரத்தில் அந்தத் தலைவலி வேண்டாம்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் என் அறையில் இரண்டாவது திரை வைக்க இடம் கிடையாது. இருக்கும் ஒரே திரையில் இடப்பக்கம் ஆங்கில மூலம், வலப்பக்கம் தமிழ். வலப்பக்கச் சாளரத்தில் நின்றுகொண்டு, விண்டோஸ் சின்னம் உள்ள விசையோடு 'வி'யை அழுத்திவிட்டு உலாவியைத் திறந்தால், அது தமிழுக்குக் கீழே வந்து உட்காரும், அங்கே அகராதி. மின்னஞ்சல் இரண்டாம் பணியிடத்தில் (தனித் திரை போல மாறிப் பார்க்கும் இடம்), அரட்டை மூன்றாம் பணியிடத்தில். சாளரத்தை இழுத்து ஒழுங்குபடுத்தும் வேலையே இல்லை. 14 அங்குலத்தில் மூன்று சாளரம் நெருக்கமாகத் தோன்றினால், வலப்பக்கச் சாளரத்தில் நின்றுகொண்டு அதே விண்டோஸ் விசையோடு 'டபிள்யூ'வை அழுத்துங்கள். வலப்பக்கம் உள்ள இரண்டும் தாவல்களாக அடுக்கப்படும்.

தமிழ்த் தட்டச்சுதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம். தமிழ் 99 விசைப்பலகை பழக்கமென்றால், லினக்ஸில் விசைகளுக்கு எழுத்தை ஒதுக்கும் எக்ஸ்கேபி தரும் விசைப்பலகை அமைப்பு மட்டும் போதாது. எக்ஸ்கேபி ஒரு விசைக்கு ஓர் எழுத்தைத் தரும், அவ்வளவுதான். தமிழ் 99-இலோ மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் சேர வேண்டும், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதில் புள்ளி விழ வேண்டும். அதற்கு எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற தட்டச்சு உள்ளீட்டு நிரலையும், தமிழ் 99 அடங்கிய அதன் எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். ஸ்வே அதைத் தானாகத் தொடங்காது. அமைப்புக் கோப்பில் அதைத் தொடங்கச் சொல்லும் ஓர் 'எக்ஸெக்' வரி எழுத வேண்டும். கன்ட்ரோலும் ஸ்பேஸும் மொழியை மாற்றும்.

இந்தத் தமிழ் 99 பலகைக்குப் பின்னால் நம் ஊருக்கும் பங்கு உண்டு. தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி முன்நின்று 1997இல் சிங்கப்பூரில் நடத்திய தமிழ்நெட் மாநாட்டின் தொடர்ச்சிதான், பலகை முடிவான 1999 சென்னை மாநாடு. அதை இங்கே ஒரு மாணவர் லினக்ஸில் பயன்படுத்தப் போகிறார் என்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

இன்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு விசைப்பலகை பழக்கமென்றால் எக்ஸ்கேபியே போதும். ஆனால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தமிழுக்கு மாறிய பிறகு 'வி' விசை 'ந' ஆகிவிடும். நீங்கள் சொன்ன குறுக்குவிசை 'வி'. ஸ்வே பார்ப்பது 'ந'. எழுத்து விசையில் அமைத்த குறுக்குவிசை எதை அழுத்தினாலும் திரை அசையாது. இதற்கு விடை ஒரே சொல்: குறுக்குவிசையை வரையறுக்கும் ஒவ்வொரு 'பைண்ட்சிம்' வரியிலும் இரண்டு இடைக்கோடுகளுடன் 'டு-கோட்' என்று சேர்த்துவிடுங்கள். அப்போது ஸ்வே எழுத்தைப் பார்க்காது, விசை இருக்கும் இடத்தைப் பார்க்கும். முதல் விசைப்பலகை அமைப்பாக ஆங்கிலத்தையும் இரண்டாவதாகத் தமிழையும் கொடுக்க மறக்காதீர்கள். விசையின் இடம் முதல் அமைப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது.

தமிழை டெர்மினலில் எழுத முயலாதீர்கள். எழுத்தைச் சம அகலக் கட்டங்களில் அடைப்பதால் பல டெர்மினல்களில் கொம்பும் காலும் பிரிந்து தெரியும். கேட் என்ற உரைத் திருத்தி, லிப்ரே ஆபிஸ் போன்றவற்றில் எழுதுங்கள்.

அமைப்புக் கோப்பை இணையத்திலிருந்து மொத்தமாக எடுக்க வேண்டாம். ஈடிசி அடைவில் ஸ்வே வைத்திருக்கும் மூலக் கோப்பை உங்கள் கான்ஃபிக் அடைவுக்குப் படியெடுத்து, அதை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். குறிப்புகளோடு எழுதப்பட்டது, படிக்கப் படிக்கப் புரியும். பிறகு தேவை வரும்போது ஒவ்வொரு வரியாகச் சேருங்கள்.

திரைப்பூட்டு, அறிவிப்பு, திரைப்பிடிப்பு எல்லாம் தனித்தனி நிரல்கள்: ஸ்வேலாக், மாக்கோ, கிரிம். இணையவழிக் கூட்டத்தில் திரையைப் பகிர எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டலின் டபிள்யூஎல்ஆர் பகுதியும் வேண்டும். க்னோமை நீக்காதீர்கள், நுழைவுத் திரையிலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். குழுப்பணிக்காகத் திரையைப் பகிர வேண்டிய நாளுக்கு முந்தைய இரவே ஒரு நண்பரை அழைத்துச் சோதித்துவிடுங்கள்.