மூன்று எண்ணிக்கை, மூன்று விடை

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் கவர்னர் என்பவர் டெல்லியிலிருந்து அனுப்பப்படுகிறவர் மாதிரி இல்லை, நம் முதலமைச்சர் போல மக்கள் ஓட்டில் வருகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். அதில் 2004 வாஷிங்டன் மாநிலத் தேர்தலை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். முதல் இரண்டு எண்ணிக்கையில் ஜெயித்தவர் மூன்றாவதில் தோற்றார் என்றால், நடுவில் யாரோ கை வைத்திருக்க வேண்டாமா? 2016இல் எங்கள் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசமும் தபால் ஓட்டு வழக்கும் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன். கோர்ட்டாவது மறுதேர்தல் வைக்கச் சொல்லியிருக்கலாமே?

வாசகர், வள்ளியூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கணக்கு. குடியரசுக் கட்சியின் டினோ ரோஸி, ஜனநாயகக் கட்சியின் கிறிஸ்டீன் கிரெகொயர். முதல் எண்ணிக்கையில் ரோஸிக்கு 13,71,414, கிரெகொயருக்கு 13,71,153. வித்தியாசம் 261. இரண்டாயிரத்துக்கும், அரை சதவீதத்துக்கும் கீழே இருந்ததால் சட்டப்படி இயந்திரத்தில் மறு எண்ணிக்கை. அதில் ரோஸி 13,72,484, கிரெகொயர் 13,72,442. வித்தியாசம் 42. கடைசியாகக் கையால் எண்ணியபோது கிரெகொயர் 13,73,361, ரோஸி 13,73,232. இந்த முறை கிரெகொயர் 129 முன்னால்.

வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் ஒருவரிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்த மாதிரித் தெரியும். மொத்தத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இருவருக்கும் ஓட்டு கூடியிருக்கிறது. முதலிலிருந்து கடைசி வரை ரோஸிக்கு 1,818 கூடியது, கிரெகொயருக்கு 2,208. இதுவரை ஓட்டாகவே கணக்கில் ஏறாத சீட்டுகள் ஏறின, அவ்வளவுதான்.

எப்படி விடுபடுகின்றன? பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்ன முட்டை வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் சீட்டுதான். இயந்திரம் அந்த வட்டத்துக்குள் இருட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஒருவர் வட்டத்தை விட்டுவிட்டுப் பெயரைச் சுற்றிக் கோடு போட்டிருந்தால், அல்லது மங்கலாக ஒரு டிக் அடித்திருந்தால், கவர்னர் பதவிக்கு அவர் ஓட்டே போடவில்லை என்று இயந்திரம் முடிவு கட்டிவிடும். மனிதக் கண்ணுக்கு அதில் சந்தேகமே இருக்காது. துளையிடும் அட்டை வைத்திருந்த கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) வேறு தொல்லை: பாதி பிய்ந்து தொங்கும் துணுக்கு ஒரு தடவை மூடிக்கொள்ளும், அடுத்த தடவை உதிர்ந்துவிடும். அதே அட்டை, இரண்டு விடை.

கூடிய ஓட்டில் கிரெகொயருக்கு ஏன் அதிகம்? சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டிதான் மக்கள்தொகையில் மாநிலத்திலேயே பெரியது, அவருடைய கோட்டையும் கூட. விடுபட்ட சீட்டுகள் அங்கே நிறைய இருந்தால் அதில் பெரும்பங்கு அவருக்குத்தான் போகும்.

கை எண்ணிக்கை சும்மா வரவில்லை. கேட்கிற கட்சி சீட்டுக்கு 25 சென்ட் கட்ட வேண்டும். ஜனநாயகக் கட்சி சுமார் 7,30,000 டாலர் கட்டியது. முடிவு மாறினால் பணம் திரும்ப வரும், மாறாவிட்டால் போனது போனதுதான். நம் ஊர் டெபாசிட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விலை கொஞ்சம் அதிகம்.

உங்கள் ராதாபுரத்தோடு ஒப்பிட வேண்டிய இடம் கிங் கவுண்டியின் தபால் ஓட்டுகள். அப்போது அங்கே தபால் ஓட்டுக்கு இரண்டு உறை. உள்ளே ரகசிய உறை, வெளியே வாக்காளர் கையெழுத்திட்ட உறை. வெளி உறையின் கையெழுத்தைப் பதிவோடு ஒப்பிட்ட பிறகுதான் உள்ளதைப் பிரிப்பார்கள். கவுண்டி கவுன்சிலின் தலைவர் லாரி பிலிப்ஸ், நிராகரிக்கப்பட்டோர் பட்டியலில் தன் பெயரையே பார்த்தார். தோண்டியபோது 573 உறைகள் தப்பாகத் தள்ளப்பட்டிருந்தது வெளிவந்தது. அந்த வாக்காளர்களின் மாதிரிக் கையெழுத்து கணினியில் ஏற்றப்படவில்லை. அப்படியானால் பழைய பதிவு அட்டையை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஊழியர்கள் அதைச் செய்யாமல் ‘பொருந்தவில்லை’ பெட்டியில் போட்டுவிட்டார்கள். ராதாபுரத்தில் தபால் ஓட்டுக்குச் சான்றொப்பம் போட்டவர் அதற்குத் தகுதியானவரா என்பது பிரச்சினை, இங்கே கையெழுத்தைத் தேடவே இல்லை என்பது பிரச்சினை. இரண்டிலும் தகராறு உறையோடு நின்றது, உள்ளிருந்த சீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பின்னால் கண்டெடுத்தவற்றையும் சேர்த்து 735 உறைகள். இவற்றைப் பரிசீலிக்கலாம் என்று டிசம்பர் 22 அன்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. பலர் கவனிக்காத ஒன்று: இந்த உறைகளைத் தொடுவதற்கு முன்பே, கை எண்ணிக்கையில் கிரெகொயர் 10 ஓட்டு முன்னால் வந்திருந்தார். ‘புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டுகளால் ஜெயித்தார்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அவை முன்னிலையைப் பெரிதாக்கின, அவ்வளவே. முடிவுக்குச் சான்றளித்த மாநிலச் செயலர் சாம் ரீட் ரோஸியின் கட்சிக்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லவில்லை. கிங் கவுண்டி நிர்வாகம் படு மோசம். தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ண வேண்டிய தற்காலிக ஓட்டுகளில் முன்னூறுக்கும் மேற்பட்டவற்றை வாக்காளர்கள் பூத்திலேயே நேராக இயந்திரத்துக்குள் செருகிவிட்டார்கள். மற்றச் சீட்டுகளோடு கலந்த பிறகு எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. தண்டனை முழுதாக முடியாததால் ஓட்டுரிமை இல்லாதவர்களும் நூற்றுக்கணக்கில் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

இந்தப் பிடியை வைத்துத்தான் ரோஸி தரப்பு ஷெலான் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் 1,678 ஓட்டுகள் சட்டவிரோதம் என்று ஏற்றார். வித்தியாசமோ 129. அப்புறம் ஏன் மறுதேர்தல் இல்லை? அந்த ஓட்டுகளால்தான் கிரெகொயர் ஜெயித்தார் என்று காட்டும் பொறுப்பு வழக்குப் போட்டவருக்கு. ரகசிய வாக்கெடுப்பில் எப்படிக் காட்டுவது? அந்தந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை சதவீதமோ அதே விகிதத்தில் கழியுங்கள் என்றது ரோஸி தரப்பு. ஒரு பூத்தில் 60 சதவீதம் ஒருவருக்கு விழுந்தது என்பதால், அங்கே தப்பாக ஓட்டுப் போட்ட பத்துப் பேரில் ஆறு பேர் அவருக்குத்தான் போட்டார்கள் என்று ஆகிவிடாது. நீதிபதி அந்தக் கணக்கை ஒதுக்கினார். யாருக்குப் போட்டோம் என்று சொல்ல முன்வந்த, தண்டனை பெற்றவர்களில் நான்கு பேர் கைகாட்டியது ரோஸியை! அந்த நான்கையும் அவர் கணக்கிலிருந்து கழித்தார்கள். 2005 ஜூன் 6 தீர்ப்பு வந்தபோது வித்தியாசம் 133 ஆகியிருந்தது. ரோஸி மேல்முறையீடு செய்யவில்லை.

2008இல் இதே இருவரும் மறுபடி மோதினார்கள். கிரெகொயர் சுமார் 53 சதவீதம் வாங்கினார், மறு எண்ணிக்கைக்கு வேலை இல்லாமல் போனது.