குதிரையில் இருப்பவர் பேரரசர் அல்ல

கேள்வி: நாணயக் கண்காட்சியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ரோமானிய வெண்கலக் காசு வாங்கினேன். ஒரு பக்கம் தலை. மறுபக்கம் குதிரையும் ஈட்டி பிடித்த ஆளும். குதிரையில் இருப்பவர்தான் பேரரசரா? களிம்பேறிக் கிடக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: புளி வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, வினிகரும் அப்படியே. இந்தக் காசுகளில் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தக் களிம்புப் படலத்தில்தான் தங்கியிருக்கும். அமிலம் பட்டால் படலத்தோடு அதுவும் போய்விடும்.

குதிரைக்காரர் தோற்றவர். ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: குதிரை முன்னங்கால் மடங்கிச் சரிகிறது, அதன் மேலிருப்பவர் பின்னால் திரும்பிக் கையை உயர்த்துகிறார். கேடயத்தோடு வரும் ரோமானிய வீரன் அவரை ஈட்டியால் குத்துகிறான். சுற்றிலும் 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ' என்ற லத்தீன் வாசகம் இருக்கும். 'நல்ல காலம் திரும்பியது' என்று பொருள். ரோம் நகரின் 1100ஆம் ஆண்டையொட்டி, கி.பி. 348 வாக்கில் தொடங்கிய வரிசை இது. நல்ல காலம் திரும்பியது என்று பொறித்துக்கொண்டே காசைச் சிறிதாக்கிக்கொண்டு போனார்கள். உங்களுடையது பொத்தான் அளவு என்பதால் 350களின் பிற்பகுதியாக இருக்கலாம்.

தலைப் பக்கத்தில் 'கான்ஸ்டான்டியஸ்' என்று படிக்க முடிந்தாலும் உடனே அப்போதைய பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் என்று முடிவு கட்டாதீர்கள். பலர் ஏமாறும் இடம் இது. அவர் 351இல் துணைப் பேரரசராக்கிய காலஸும் அதே பெயரைத்தான் சூடிக்கொண்டார். தலையைப் பாருங்கள். முத்துப் பட்டம் கட்டி, பின்கழுத்தில் அதன் நாடா தொங்கினால் பேரரசர். வெறுந்தலை என்றால் காலஸ். வெறுந்தலையோடு 'யூலியானஸ்' என்றிருந்தால் அடுத்து துணைப் பேரரசரான ஜூலியன். குதிரைக்கு அடியிலுள்ள கோட்டின் கீழே அக்கசாலைக் குறி, அதாவது காசு அடித்த ஊரின் குறி, இருக்கும்: 'ஆன்' (AN) என்று தொடங்கினால் அந்தியோக்கியா, 'அலெ' (ALE) என்றால் அலெக்சாண்டிரியா.

சுத்தம் செய்ய, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, சில நாளுக்கொரு முறை நீரை மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஆகும். இளகிய மண்ணைப் பல்குத்தும் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். கெட்டியான கரும்பச்சைக்குப் பயப்பட வேண்டாம். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் மட்டும், உலர்த்தி மற்ற காசுகளிலிருந்து பிரித்து வையுங்கள். அது உலோகத்தையே அரிக்கும்.