வால்பேப்பர், லாக் ஸ்கிரீன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: போனில் எடுத்த குடும்பப் படத்தை வால்பேப்பராக வைத்தால் பின்வரிசையில் நிற்பவர்களின் தலை காணாமல் போகிறது. விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன்.

ப: படத்தின் வடிவம் வேறு, திரையின் வடிவம் வேறு. போன் கேமரா பெரும்பாலும் 4:3 விகிதத்தில் எடுக்கும். உங்கள் திரை 16:9 என்று வைத்துக்கொள்வோம். 4000×3000 படத்தைத் திரை முழுதும் நிரப்பும் ‘ஃபில்’ முறையில் வைத்தால் அகலம் அப்படியே இருக்கும், உயரத்தில் 2250 பிக்சல்தான் மிஞ்சும். கால்வாசிப் படம் போய்விடும். தலையும் காலும்தான் பலியாகும். ‘ஃபிட்’ போட்டால் எதுவும் வெட்டுப்படாது, ஆனால் இரு பக்கமும் வெறும் பட்டை தெரியும். ‘ஸ்ட்ரெச்’ பக்கமே போகாதீர்கள், ஒல்லியானவர்கள்கூடக் குண்டாகிவிடுவார்கள். என்னைக் கேட்டால், போட்டோஸ் ஆப்பில் படத்தைத் திறந்து, கிராப்பில் 16:9 விகிதத்தைத் தேர்ந்தெடுத்து, எதை விடுவது என்பதை நீங்களே முடிவு செய்து வெட்டுங்கள். அப்புறம் ‘ஃபில்’, ‘ஃபிட்’ எதில் வைத்தாலும் தலை தப்பும்.

கே: படம் பெரிய சைஸ்தான். வால்பேப்பராக வைத்ததும் மங்கலாகிவிடுகிறது.

ப: முதலில் அது வாட்ஸ்அப்பில் வந்த படமா என்று பாருங்கள். ஆம் என்றால், அனுப்பியவரிடம் ‘டாக்குமென்ட்’டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும்.

ஒரிஜினலே மங்குகிறது என்றால் கை விண்டோஸுடையது. ஜேபெக் (.jpg) படத்தை வால்பேப்பராக்கும்போது அதை 85 சதவீதத் தரத்துக்குக் குறைத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். வானம், சுவர் போன்ற வழுவழுப்பான இடங்களில் திட்டுத் திட்டாகத் தெரிவது அதனால்தான். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் கருவி) கரன்ட் யூசர் (HKEY_CURRENT_USER), கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்று போய், JPEGImportQuality என்ற பெயரில் (ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல்) எண் மதிப்பு வைக்கும் ஒரு டிவேர்டு (DWORD) உருவாக்கி, டெசிமலில் 100 கொடுங்கள். சைன் அவுட் செய்து வந்து படத்தைப் புதிதாக வையுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கமில்லையென்றால், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள்.

கே: லாக் ஸ்கிரீனில் ஸ்லைடுஷோ போட்டேன். ஃபோல்டரில் உள்ள பாதிப் படங்கள் வருவதே இல்லை.

ப: அதே பக்கத்தில் ‘திரைக்குப் பொருந்தும் படங்களை மட்டும்’ என்று ஒரு தேர்வு இருக்கும். டிக்கை எடுத்துவிடுங்கள்.

கே: ஆபீஸ் லேப்டாப்பில் மாற்றவே விடமாட்டேன் என்கிறது.

ப: நிர்வாகமே பூட்டி வைத்திருக்கும். ஐடி துறையிடம்தான் கேட்க வேண்டும். குறுக்குவழி கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

கே: கறுப்பு வால்பேப்பர் வைத்தால் சார்ஜ் மிச்சமாகுமா?

ப: ஓஎல்ஈடி திரை என்றால் ஆகும், கறுப்புப் பிக்சல் அணைந்தே இருக்கும். சாதாரண எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கே வெளிச்சத்தைக் குறைப்பதுதான் வழி.

கே: குழந்தைகள் படத்தை லாக் ஸ்கிரீனில் வைக்கலாமா?

ப: வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் தாராளமாக. வெளியே தூக்கிப்போகும் லேப்டாப்பில் நான் வைக்கமாட்டேன். டெஸ்க்டாப் உங்களுக்கானது, லாக் ஸ்கிரீனைப் பாஸ்வேர்டு தெரியாதவரும் பார்ப்பார். பள்ளிச் சீருடையும் அடையாள அட்டையும் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். படத்தைவிடப் பலர் கவனிக்காத ஒன்று: லாக் ஸ்கிரீனில் நோட்டிஃபிகேஷன் வந்து நிற்பது. செட்டிங்ஸில் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அதை நிறுத்துங்கள்.

கே: விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வால்பேப்பரில் வந்த பச்சை மேடு வரைந்ததா, நிஜமா?

ப: நிஜம்தான். 1996-இல் கலிபோர்னியாவின் சொனோமா கவுண்டியில் சார்லஸ் ஓ’ரியர் பிலிம் கேமராவில் எடுத்தது. 2001-இல் எக்ஸ்பியோடு வந்தது.

கே: இரண்டு மானிட்டருக்கும் வேறு வேறு படம்?

ப: பேக்கிரவுண்ட் பக்கத்தில் சமீபத்திய படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றின் மேல் ரைட் கிளிக் செய்தால் எந்த மானிட்டர் என்று கேட்கும்.