டிரம்முக்குள் இருப்பது என்ன? கெமிக்கல் இறக்குமதி: கேள்வி-பதில்

கேள்வி: சீனாவிலிருந்து துணியை மென்மையாக்கும் ரசாயனம் வரவழைத்தோம். இன்வாய்ஸில் வணிகப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கஸ்டம்ஸில் சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள உலகளாவிய அடையாள எண்) கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா? (திருப்பூர்)

கொடுத்துத்தான் ஆக வேண்டும். சுங்க வரிப் பட்டியலில் 28, 29, 38 போன்ற அத்தியாயங்களில் வரும் ரசாயனங்களுக்கு பில் ஆஃப் என்ட்ரியிலேயே (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) சி.ஏ.எஸ். எண், ஐ.யு.பி.ஏ.சி. பெயர் (முறைப்படியான வேதியியல் பெயர்) எழுத வேண்டும் என்று 2023-இல் சுங்க வாரியம் சுற்றறிக்கை விட்டது. டிரம்மில் ‘சாஃப்ட் 200’ என்று அச்சடித்திருப்பதை வைத்து எந்த அதிகாரியும் வரி போட முடியாது. உங்கள் சரக்கு ஜவுளிப் பதனிடும் பொருள் என்றால் வரிப் பட்டியல் எண் 3809, சிலிக்கோன் என்றால் 3910, சோப்பு அல்லாத, ஆனால் சோப்பு போல வேலை செய்யும் சர்ஃபாக்டன்ட் என்றால் 3402. உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த எண்ணைப் போட்டால் வம்புதான்.

சந்தேகம் வந்தால் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் வரும்வரை கன்டெய்னர் சி.எஃப்.எஸ்.ஸில் (துறைமுகத்துக்கு வெளியே உள்ள கன்டெய்னர் கிடங்கு) கிடக்கும், வாடகை ஏறும். அப்படி ஆனால், சுங்கச் சட்டம் பிரிவு 18-இன்படி பாண்டு (உறுதிப் பத்திரம்) கொடுத்து, தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுக்க முதல் நாளே மனுப் போடுங்கள். ‘ஃபார்முலா ரகசியம்’ என்று சொல்லும் சப்ளையரிடம் ஆர்டர் போடும் முன்பே பேசிவிடுவது நல்லது. பணம் போன பிறகு அவர் போனைக்கூட எடுக்க மாட்டார்.

கேள்வி: செராமிக் வேலைக்கு போரிக் ஆசிட் இறக்க வேண்டும். கேரம் போர்டில் தூவுகிற பவுடர்தானே, இதற்கும் அனுமதியா? (விருத்தாசலம்)

அதேதான், ஆனால் கரப்பானுக்கும் அதைத்தான் வைக்கிறோம். 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் அட்டவணையில் போரிக் ஆசிட் இருக்கிறது. எனவே பூச்சி மருந்தல்லாத உபயோகத்துக்கு என்றாலும், ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய பூச்சிக்கொல்லி வாரியம் மற்றும் பதிவுக் குழுவின் இறக்குமதி பெர்மிட் வேண்டும். பெர்மிட் கையில் வந்த பிறகு சரக்கை ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மோனியம் நைட்ரேட்டை ‘உரம்’ என்று எழுதி இறக்கினால் லைசென்ஸ் தேவையில்லை என்கிறார் ஒரு புரோக்கர். (கரூர்)

அந்தப் புரோக்கரை மாற்றுங்கள். 45 சதவீதத்துக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் கொண்ட கலவையெல்லாம் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி வெடிபொருள் துறையின் கட்டுப்பாட்டில் வருகிறது. தலைமையகம் நாக்பூர். கொரியாவிலிருந்து உர ரகம் என்று சொல்லி வந்த சுமார் 700 டன்னை 2015-இல் சென்னை சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அது மணலிப் பக்கம் ஒரு கிடங்கிலேயே கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் எல்லோருக்கும் அதன் நினைவு வந்து, அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்துக்கு அரை லிட்டர் அசெட்டிக் அன்ஹைட்ரைடு. கூரியரில் வரவழைக்கலாமா? (மதுரை)

வேண்டாம். ஹெராயின் தயாரிப்பில் உதவும் பொருள் அது. இறக்குமதிக்கு குவாலியரில் உள்ள போதைப்பொருள் ஆணையரின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். அரை லிட்டருக்கு அந்த அலைச்சல் எதற்கு? விற்பவர் கேட்கும் பத்திரங்களைக் கொடுத்து இங்கேயே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வரி மொத்தம் எவ்வளவு வரும்? (ஈரோடு)

அடிப்படை வரி 7.5 சதவீதம் உள்ள சரக்கு என்று வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி சேர்த்து 100 ரூபாய் என்றால் அடிப்படை வரி 7.50, அதன் மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி 75 காசு. 108.25-க்கு ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.) 18 சதவீதம், 19.49. ஆகமொத்தம் 27.74. இதில் ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்து, விற்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். ஆன்டி-டம்பிங் வரி (மலிவு விலையில் இங்கே கொண்டுவந்து கொட்டப்படும் சரக்குக்குப் போடும் கூடுதல் வரி) இருந்தால் கணக்கே மாறும். நாட்டுக்கு நாடு, சில நேரம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலைகூட அது வேறுபடும்.

அப்புறம், கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டுவிடுங்கள். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் 10,000.