குழம்பில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. கணவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் குடித்துவிட்டு வருவார். வண்டியை ஓரமாக நிறுத்திப் பூட்டுவார், மீதிப் பணத்தை எண்ணி அலமாரியில் வைப்பார். அதன்பிறகு நான் வேண்டாம் என்று அழுதாலும் விடமாட்டார். காலையில் கேட்டால், "நினைவில்லை, போதை செய்த வேலை" என்கிறார். மற்ற நாட்களில் தங்கமான மனிதர். குடியை மறக்க வைக்கும் மாத்திரையைக் குழம்பில் கலந்தால் சரியாகுமா?

பதில்: கலக்காதீர்கள், சகோதரி. நீங்கள் சொல்வது டைசல்ஃபிராமாக இருக்கும். அது உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கும். முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சம்மதம் கேட்காமல் ஒருவர் உடம்பில் கைவைக்கக் கூடாது என்பது அவருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வண்டிப் பூட்டு. பூட்டவும் பணத்தை எண்ணவும் தெரிந்தவருக்கு நீங்கள் அழுவது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? மது முன்மூளையை மந்தமாக்கும். தன் ஆசை பெரிதாகத் தெரியும், எதிரில் இருப்பவரின் முகம் மங்கும். அது உண்மை. ஆனால் மனைவி மறுக்கக் கூடாது என்ற எண்ணத்தை எந்த பாட்டிலும் ஊற்றித் தருவதில்லை. அமெரிக்காவில் 1975இல் வெளியான ஒரு சோதனையில், வோட்கா என்று சொல்லி வெறும் டானிக் தண்ணீர் கொடுக்கப்பட்ட ஆண்களிடமும் மூர்க்கம் கூடியது. குடித்தேன் என்ற நம்பிக்கையே அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

நினைவில்லை என்பது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். அதிகம் குடித்தால் மூளை நிகழ்வைப் பதிந்து வைக்காது. ஆனால் காலையில் நினைவில்லாததால், இரவில் அறியாமல் செய்தார் என்றாகாது. இன்னொன்றையும் கூச்சமின்றிச் சொல்கிறேன். குடி ஆண்மையைத் தளர்த்தும். அந்தத் தோல்வியின் கோபத்தை மனைவியின் மேல் இறக்குபவர்களும் உண்டு.

ஆகவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. குடிக்குச் சிகிச்சை: சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளை அவருக்குத் தெரிந்தே தருவார்கள். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். குடி நின்றாலும் வற்புறுத்தல் தானாக நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம். அதை அவர் தனியாக, ஆலோசகர் முன் உட்கார்ந்து பேச வேண்டும்.

அவர் போதையில் இருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள். அவர் தெளிவாக இருக்கும் நாளில், உங்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றினால் மட்டும் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு மாமியாருடனோ அக்கம்பக்கத்திலோ படுக்க வழியிருந்தால் தயங்க வேண்டாம். கருத்தரிக்கும் பயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள், சீக்கிரம் போவது நல்லது. மனைவியின் விஷயத்தில் கணவனுக்குப் பாலியல் வன்கொடுமைச் சட்டம் இன்னும் விலக்கு தருகிறது, வெட்கக்கேடுதான். ஆனாலும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதைப் பாலியல் கொடுமை என்றே சொல்கிறது; பாதுகாப்பு ஆணை பெறலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் இரவிலும் பேசுவார்கள்.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது மனநலப் பிரிவுக்கு வாருங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு முன்பே.